சனிக்கிழமை இரவு நடந்தது, செவ்வாய்க்குள் செய்ய வேண்டியது

ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். வயது 26. பிறந்து வளர்ந்தது குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில். வேலை பாசிர் கூடாங்கில். நான்கு பேரோடு ஒரு தாமானில் வாடகை வீடு. கைப்பேசிச் செயலியில் அறிமுகமான ஓர் ஆணை சனிக்கிழமை ஜொகூர் பாருவில் சந்திக்கிறார். இரவு 11 மணி வாக்கில் இருவருக்கும் உறவு நடக்கிறது. ஆணுறை இல்லை. மறுநாள் மதியம், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது பயம் பிடித்துக்கொள்கிறது.

அதன்பிறகு அவர் என்ன செய்வார்? கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்ப்பார். கழுத்தைத் தடவிப் பார்ப்பார். கூகுளில் தேடுவார். கூட்டாளியிடம் மிச்சமிருக்கும் இரண்டு அண்டிபயோடிக் மாத்திரையை வாங்கி விழுங்குவார். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று சாமிக்கு ஒரு நேர்த்தியும் வைப்பார். இவற்றில் எதுவும் அவரைக் காப்பாற்றாது. ஒன்றுதான் உதவும்: கடிகாரம்.

இந்தப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். மலேசியாவில் எச்.ஐ.வி. ஒரு காலத்தில் பெரும்பாலும் போதை ஊசி வழியே பரவியது. இன்று புதிதாக வருபவற்றில் மிகப் பெரும்பான்மை உடலுறவு வழி. அதிலும் ஆண்களுக்கு இடையிலான உறவின் பங்கு பெரிது. சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விவரம் இது. அந்த ஆண்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தம்பிகளும் இருக்கிறார்கள், கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர்களும் இருக்கிறார்கள். வெளியே கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை. ஆகவே எழுதுகிறோம்.

முதல் கணக்கு: 72 மணி நேரம்

எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் நுழைந்தவுடன் நிரந்தரமாகக் குடியேறிவிடுவதில்லை. முதல் சில நாட்கள் அதற்கு வேண்டும். அந்த இடைவெளியில் மருந்து கொடுத்து அதைத் தடுக்க முடியும். இந்தச் சிகிச்சைக்குப் பெயர் 'பெப்'. சம்பவத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாட்கள், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். 72 என்பது கடைசி எல்லை. இரண்டாவது மணி நேரத்தில் போடும் மாத்திரைக்கும் எழுபதாவது மணி நேரத்தில் போடும் மாத்திரைக்கும் பலன் ஒன்றல்ல. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எல்லை தாண்டிவிட்டால் மருத்துவர்கள் பெப் கொடுப்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு பயனை எதிர்பார்க்க முடியாது.

நம் இளைஞருக்கு அந்த எல்லை செவ்வாய் இரவு 11 மணி. ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆக, அரசாங்க கிளினிக் திறக்கும் திங்கள் காலை 8 மணிக்கே 33 மணி நேரம் போய்விடும். மீதம் 39. திங்களன்று வேலைக்குப் போய், செவ்வாயன்று யோசித்து, புதனன்று லீவு எடுக்கலாம் என்றிருந்தால் கதவு மூடிவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமையே திறந்திருக்கும் தனியார் கிளினிக்குகளுக்குப் போன் செய்து "பெப் மருந்து இருக்கிறதா?" என்று கேட்பதே நல்லது. எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. இருக்கும் இடத்தில் 28 நாள் மருந்துக்குப் பல நூறு வெள்ளி ஆகும், இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கைவசம் பணம் இல்லையென்றால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பெப் முதன்மையாக ஊசி குத்திக்கொண்ட ஊழியர்களுக்கும் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களுக்கும் தரப்படுவது. மற்றவர்களுக்கு உடனே கிடைக்காமலும் போகலாம். கேட்காமல் திரும்புவதைவிட கேட்டுத் திரும்புவது மேல்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றிரவு நடந்தது உங்கள் சம்மதத்தோடு நடக்கவில்லை என்றால், வற்புறுத்தலோ மிரட்டலோ இருந்தால், அது வேறு விஷயம். பெரிய அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒரே இடத்தில் எல்லா உதவியும் தரும் நெருக்கடி மையம் உண்டு. அது பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. நேராக அங்கே போங்கள்.

பெப் எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. மருத்துவர் கேட்கும் கேள்விகளை நீங்களே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். வெட்கப்படாமல், அந்தரங்கமாக, உங்களுக்கு நீங்களே உண்மையைச் சொல்ல வேண்டும்.

தொட்டது, கட்டிப்பிடித்தது, முத்தமிட்டது, கையால் செய்துகொண்டது: இவற்றில் எச்.ஐ.வி. வராது. ஒரே துண்டைப் பயன்படுத்தியது, ஹோட்டல் கழிப்பறையில் உட்கார்ந்தது, ஒரே கிளாசில் குடித்தது, கொசு கடித்தது, இவையும் கணக்கில் இல்லை. வாய்வழி உறவில் எச்.ஐ.வி. ஆபத்து மிக மிகக் குறைவு. வாயில் புண்ணோ ரத்தமோ இல்லாதவரை, அதற்காகப் பெப் கொடுப்பது வழக்கமில்லை. ஆபத்து உண்மையில் இருப்பது ஆணுறையில்லாத, அல்லது ஆணுறை கிழிந்த, ஆசனவாய் வழி உறவில்.

அதிலும் இருவருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. மற்றவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சையில் இல்லை என்று வைத்துக்கொண்டால், உள்வாங்குபவருக்கு 10,000 முறைக்கு 138 முறை தொற்றலாம். உட்செலுத்துபவருக்கு 10,000க்கு 11. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் மதிப்பீடு இது.

138 என்றால் எவ்வளவு? தோட்டத்திலும் சரி பட்டணத்திலும் சரி, நாலு நம்பர் தெரியாத வீடு குறைவு. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு விழுவது, ஆறுதல் பரிசையும் சேர்த்து, 23 எண்களுக்கு. நீங்கள் ஒரு நம்பர் எழுதி ஏதாவது ஒரு பரிசு அடிக்கும் வாய்ப்பை ஆறு மடங்காக்கினால் 138 வரும். உட்செலுத்துபவரின் 11 அந்த 23இல் பாதிகூட இல்லை. "கட்டாயம் வந்துவிட்டது" என்று தூக்கமில்லாமல் புரள வேண்டிய அளவும் இல்லை, "ஒரு தடவையில் என்ன ஆகிவிடும்" என்று கைகழுவும் அளவும் இல்லை. நாலு நம்பர் அடித்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று: இருவரில் ஒருவருக்கு வேறு பால்வினை நோய்ப் புண் இருந்தாலோ, மற்றவருக்கு எச்.ஐ.வி. தொற்றி சில வாரங்கள்தான் ஆகியிருந்தாலோ இந்த எண்ணிக்கை கூடும்.

அந்த மற்றவரைப் பற்றி என்ன தெரியும்? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். "ஆள் நல்ல கட்டுமஸ்தாக இருந்தார்", "நல்ல வேலையில் இருக்கிறார்", "நம்ம ஆளுதான்" என்பதெல்லாம் பதில் ஆகாது. "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன், ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்டவருக்குப் பதறும். உண்மையில் ஆபத்து குறைந்த ஆள் அவர். ஐரோப்பாவில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து சிகிச்சையில் உள்ள 782 ஆண் ஜோடிகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாத 76,000க்கும் மேற்பட்ட உறவுகளில், கிருமி அளவு கட்டுக்குள் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. சோதனையே செய்துகொள்ளாமல் "எனக்கு ஒன்றுமில்லை" என்பவரின் பேச்சைவிட இந்த முடிவு நம்பத் தகுந்தது.

நம் இளைஞர் உள்வாங்கியவர், மற்றவரின் நிலை தெரியாது, ஆணுறை இல்லை என்றால், தயங்காமல் பெப் கேட்க வேண்டியவர். உட்செலுத்தியவர் என்றால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவர். வாய்வழி மட்டும் என்றால் பெப்புக்கு அலைய வேண்டாம். ஆனால் கீழே வருவதைப் படிக்க வேண்டும்.

எச்.ஐ.வி. மட்டுமா நோய்?

எய்ட்ஸ் பயம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஒரு தற்செயல் உறவில் எச்.ஐ.வி.யைவிட எளிதாக ஒட்டிக்கொள்பவை கொனோரியா என்ற வெட்டை நோயும், கிளமிடியாவும், சிபிலிஸ் என்ற மேகநோயும். இவை வாய்வழி உறவிலும் பரவும்.

வெட்டை ஆண்குறியில் வந்தால் தெரிந்துவிடும். இரண்டிலிருந்து ஏழு நாளில் சிறுநீர் எரியும், சீழ் வடியும். அதுவே தொண்டையிலோ ஆசனவாயிலோ இருந்தால் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் இராது. சிறுநீரை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டால் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். எங்கே உறவு நடந்ததோ அங்கே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் அந்த வசதி இல்லை. இல்லாத இடத்தில் மருத்துவர் நடந்ததைக் கேட்டறிந்து சிகிச்சையை முடிவு செய்வார், அதற்கும் நீங்கள் உண்மை சொல்லியாக வேண்டும். கூட்டாளியின் மிச்ச மாத்திரை இங்கேதான் கெடுதல் செய்யும். வெட்டைக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்டது. அரைகுறை மருந்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது.

சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. சராசரியாக மூன்று வாரத்தில், சில சமயம் மூன்று மாதம் வரை கழித்து, வலியே இல்லாத ஒரு புண் வரும். வாயிலோ ஆசனவாயிலோ வந்தால் கண்ணிலும் படாது. சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியது புண்தான், நோய் அல்ல. பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும், அதுவும் தானாக மறையும். ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம், கண்ணுக்கும் காதுக்கும் எந்தக் கட்டத்திலும் கெடுதல் வரலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியே போதும். தோட்டத்து டிரஸ்ஸர் காலத்து மருந்துதான், இன்றும் அதற்கு மாற்று தேவைப்படவில்லை.

கல்லீரல் அழற்சி பி கிருமியும் இதே வழியில் வரும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் தங்களுக்குத் தடுப்பூசி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறியை நம்பாதீர்கள்

உறவு நடந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வந்தால் எச்.ஐ.வி. ஆரம்பமாக இருக்கலாம் என்று இணையம் சொல்லும். உண்மைதான். ஆனால் டிங்கியும் அப்படித்தான் தொடங்கும், சாதாரணச் சளிக் காய்ச்சலும் அப்படித்தான். ஒன்றுமே வராமல் எச்.ஐ.வி. தொற்றுவதும் உண்டு. ரத்தச் சோதனை ஒன்றுதான் பதில், அதுவும் சரியான நாளில்.

மறுநாளே ஓடிப்போய் எச்.ஐ.வி. சோதனை செய்தால் "இல்லை" என்றுதான் வரும். அது போன மாதத்து நிலையைச் சொல்லும், சனிக்கிழமையைச் சொல்லாது. (பெப் தொடங்கும் முன் அந்தச் சோதனை எடுப்பார்கள், அதன் நோக்கம் வேறு.) ரத்தக் குழாயிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் இன்றைய சோதனை 45 நாளில் நம்பகமான பதில் தரும். விரல் குத்திப் பார்க்கும் சோதனை, வீட்டில் செய்துகொள்ளும் சுயபரிசோதனை ஆகியவற்றுக்கு 90 நாள் வரை பொறுக்க வேண்டும். பெப் சாப்பிட்டவர்களுக்கு நாட்களை மருத்துவர் குறித்துத் தருவார். வெட்டை, கிளமிடியாவுக்கு இரண்டு வாரம் கழித்து. சிபிலிசுக்கு ஆறு வாரத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை. கைப்பேசி நாட்காட்டியில் மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் தினமும் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை.

எங்கே போவது என்பதுதான் நம்மவர்களின் பெரிய கவலை. அரசாங்க கிளினிக்கில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். பெயர் கொடுக்காமல் எண்ணை மட்டும் வைத்துச் செய்துகொள்ளும் முறையும் உண்டு. முகப்பில் இருப்பவரிடம் கதை சொல்லத் தேவையில்லை. "சாயா நாக் ஜும்பா டாக்டர், ஹால் பெரிபாடி" என்றால் போதும், சொந்த விஷயம் என்று புரிந்துகொள்வார்கள். முகப்பில் இருப்பவரே எதிர்வீட்டு அக்காவாக இருந்தால்? கூலாய்க்காரர் ஜொகூர் பாருவுக்குப் போகட்டும், சிகாமட்காரர் மூவாருக்குப் போகட்டும். பஸ் டிக்கெட் காசு அவ்வளவுதான்.

பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பயம். சிங்கப்பூர் வேலை பெர்மிட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் சேர்த்தி. அதனால் சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்குகிறார்கள். ஜொகூரில் சொந்தமாகச் செய்துகொள்ளும் சோதனை அங்கே உள்ள முதலாளிக்குப் போவதில்லை. தெரியாமல் இருந்துவிட்டு அடுத்த பெர்மிட் பரிசோதனையில் முதன்முதலாகத் தெரிந்துகொள்வதுதான் மோசம்.

சட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. இந்தப் பயத்தில்தான் பலர் மருத்துவரிடம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா உறுதியானால் மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அது நோயைப் பற்றிய அறிவிப்பு. நோயாளி சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை.

ஜொகூர் மாநிலத்துக்கு இதில் ஒரு வரலாறும் உண்டு. 2001இல் முஸ்லிம் ஜோடிகளுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. சோதனையை நாட்டிலேயே முதலில் கட்டாயமாக்கியது இந்த மாநிலம்தான். மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை. ஜாதகம் பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

கல்யாணமானவர்களுக்கு

சோதனை முடிவு வரும்வரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. என்ன காரணம் சொல்வது என்பது அவரவர் பாடு, கடினம்தான். ஆனால் மனைவி கர்ப்பமானால் அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் முதல் பதிவிலேயே எச்.ஐ.வி.யும் சிபிலிசும் சோதிப்பார்கள். இப்படிச் சோதித்துச் சிகிச்சை தந்ததால்தான், தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதலாவதாக 2018இல் மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. கணவன் மறைத்தது மனைவியின் அட்டையில் தெரியவருவதைவிட, அவன் முன்பே போய்ப் பார்த்துக்கொள்வது அவளுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

ஒருவேளை முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால்? முதல் சோதனை மட்டும் போதாது, உறுதிப்படுத்தும் சோதனை உண்டு. உறுதியானால் அரசாங்கத்தில் அடிப்படைச் சிகிச்சை குடிமக்களுக்கு இலவசம். தினமும் மாத்திரை சாப்பிடுபவர் வேலை பார்க்கிறார், வயதாகும்வரை வாழ்கிறார், மேலே சொன்ன 782 ஜோடிகளைப் போல யாருக்கும் பரப்பாமலும் இருக்கிறார்.

இந்த மாதிரி சனிக்கிழமைகள் இனியும் வரும் என்று தெரிந்தவர்கள் 'பிரெப்' பற்றிக் கேட்க வேண்டும். பெப் நடந்த பிறகு, பிரெப் நடப்பதற்கு முன். ஒழுங்காகச் சாப்பிட்டால் உறவு வழி எச்.ஐ.வி. ஆபத்தை 99 விழுக்காடு வரை குறைக்கும். 2023 முதல் தேர்ந்தெடுத்த சில அரசாங்க கிளினிக்குகளில் இது தரப்படுகிறது. தொடங்கும் முன் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சிறுநீரகச் சோதனைகள் வேண்டும், ஆகவே நண்பரின் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடாதீர்கள். வெட்டையையும் சிபிலிசையும் பிரெப் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

கடைசியாக, அந்த மற்றவர். வெட்டையோ சிபிலிசோ இருப்பது தெரிந்தால் அவருக்கும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவருக்கு ஆறாது, அவர் வழி இன்னொருவருக்குப் போகும், சுற்றி உங்களிடமே திரும்பும். நீண்ட கடிதம் வேண்டாம், யார் யாருக்குக் கொடுத்தது என்ற சண்டையும் வேண்டாம். செயலியில் இவ்வளவு எழுதினால் போதும்: "வணக்கம், எனக்கு டெஸ்டில் சிபிலிஸ் வந்திருக்கிறது, ஊசி போட்டுவிட்டேன். நீங்களும் கிளினிக்கில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்."